முட்டை நின்ற பின்னர்

ஞாயிற்றுக்கிழமைக் காலையிலே கோப்பியுங் கையுமாக இப்பக்கத்தைப் புரட்டும் அன்பர்கள், கல்லூரி ஆசிரியர் ஒருவர் கோழியைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு சற்றே நகைத்தல் கூடும். நகைக்கட்டும். உயர்தர வகுப்பு மாணவர்க்கு உயிரியல் கற்பித்துக் காலந் தள்ளும் நாம், பறவையின் சமிபாட்டுத் தொகுதியைக் கரும்பலகையிலே கண்ணை மூடிக்கொண்டும் வரைந்து காட்டுவோம். ஆயினும், எமது பின்வளவிலே ஏழாண்டுகளாக உலாவிய ஒரு பேட்டுக்கோழி நோயுற்றபோது அதனைக் கண்டறிந்தவர் நாம் அல்லோம். கண்ணிலே படலம் படர்ந்து ஆள் முகம் மட்டுமட்டாகத் தெரியும் நிலையிலுள்ள எமது தாயாரே கண்டறிந்தார். அந்த வெட்கத்தை மூடி வைப்பதிலும் பார்க்க, நாலு பேருக்குப் பயன்படும் வண்ணம் சொல்லி விடுவதே நன்றெனத் தோன்றியது.

எமது இல்லத்திலே மச்சம் அடுப்பேறுவதில்லை. அத்தகைய வீட்டுக்குக் கோழி வந்த கதை ஒன்றுண்டு. இளைய மகன் ஐந்து வயதிலே நெருப்புக் காய்ச்சலில் விழுந்து, எலும்புந் தோலுமாய் எழுந்தான். நாளொரு முட்டையாவது கொடுங்கள் என்றார் வைத்தியர். தாயார் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், "பிள்ளைக்கு மருந்தெண்டால் பாவமில்லை" என்று தாமே தீர்ப்பு வழங்கி, குசினிக்கு வெளியே மூன்று கல் வைத்து, அதற்கெனத் தனிச்சட்டி ஒன்றும் வாங்குவித்தார். சந்தையிலிருந்து ஆறுமாதப் பேடு ஒன்று கரப்புக்குள் அடைபட்டு வந்து சேர்ந்தது. கரிய உடலெங்கும் வெள்ளைப் பொட்டுகள். மகன் அதற்குப் "புள்ளி" என்று பெயரிட்டான். விடைத்தாள்களுக்குப் புள்ளி வழங்கியே ஆயுளைக் கழிக்கும் எம்முடைய வீட்டுக்கு அப்பெயர் பொருத்தமாகவே இருந்தது. புள்ளி இட்ட முட்டைகளை உண்டே பையன் தேறினான். இன்று அவனுக்குப் பன்னிரண்டு வயது. கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணீரை ஒரே மூச்சிலே தூக்கி வருகிறான்.

நாட்டுக்கோழி ஆறு மாதமளவிலே முட்டையிடத் தொடங்கும். முதலிரண்டு ஆண்டுகளும் நன்றாக இடும்; பின்னர் ஆண்டுக்காண்டு குறையும். ஆனால் முட்டை குறைந்தவுடன் ஆயுள் முடிவதில்லை. கீரிக்கும் மரநாய்க்கும் தப்பி, நல்ல பராமரிப்பும் வாய்க்குமாயின், எட்டு ஆண்டும் அதற்கு மேலும் ஒரு பேடு வாழக்கூடும். ஆகவே, வாழ்நாளிற் பெரும் பகுதியை அது முட்டைக் குறைவோடும் முட்டையின்றியுமே கழிக்க வேண்டியிருக்கின்றது.

புள்ளிக்குச் சென்ற ஆண்டு முட்டை நின்றது. அதனுடன் மற்றொன்றும் நின்றது. அதனை அப்பொழுது நாம் உணரவில்லை. முட்டை இருந்த காலத்திலே காலைதோறும் யாராவது ஒருவர் கூட்டுக்குள் தலையை நீட்டிப் பார்ப்பர். முட்டையை எடுக்கப் போன கண், கோழியையும் ஒரு முறை பார்த்து விட்டே திரும்பும். முட்டை நின்ற பின்னர் அப்பார்வையும் நின்றது. கூட்டுக் கதவைத் திறந்து விடுவதும், தீனியை எறிவதும், மாலையிற் சாத்துவதும் நடந்தன. நோய்கள் மிகுதியாய் வரக்கூடிய முதுமைக் காலத்திலேதான் நாம் பார்வையை விலக்கிக் கொண்டோம். இக்கட்டுரையின் சாரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

கடந்த மார்கழியில் ஒரு காலை. மழை விட்டு வாடைக்காற்று வீசிக் கொண்டிருந்தது. தாயார் விறாந்தையிலே சுளகுடன் அமர்ந்து அரிசி புடைத்துக் கொண்டிருந்தார். நாம் கல்லூரிக்குப் புறப்படும் அவசரத்திலே நின்றோம்.

"தம்பி, மூண்டு நாளாப் புள்ளி சுளகடிக்கு வரேல்லை" என்றார்.

"கிழட்டுக் கோழியெல்லே அம்மா, இறகு உதிர்க்குது போலை" என்றோம் நாம்.

"இறகு உதிர்த்தாலும் வாய் ஓயாது. அது தூங்குது. ஒருக்கால் போய்ப் பார்."

சுளகு அசையும் ஓசை கேட்டதும் ஓடி வந்து குறுநொய் பொறுக்குவது புள்ளியின் வழக்கம். தாயாருக்கு அதன் உருவம் தெளிவாய்த் தெரியாது. காலடியிலே கேட்கும் கொத்தும் ஓசைதான் தெரியும். மூன்று நாளாக அவ்வோசை இல்லை என்பதை அவர் கணக்கு வைத்திருந்தார்.

போய்ப் பார்த்தோம். வேலியோரத்திலே, கழுத்தை உள்ளிழுத்து, இறகெல்லாம் சிலிர்த்துப் பந்துபோல் நின்றது புள்ளி. வால் தாழ்ந்திருந்தது. கண் மூடி மூடித் திறந்தது. அருகே சென்றும் ஓடவில்லை. கையிலே தூக்கியபோது, அந்தப் பருத்த இறகுக்குள்ளே ஒன்றுமே இல்லாதது போலிருந்தது.

எமது கூற்று எவ்வாறு தவறியது என்பதை மாணவர்கள் கவனித்தல் வேண்டும். இறகு உதிர்க்கும் கோழி அவலட்சணமாய்த் தோன்றும். தலையிலும் கழுத்திலும் தொடங்கி உடலெங்கும் இறகு கழன்று, கொண்டையும் வெளிறிச் சுருங்கும். சில வாரங்கள் முட்டையும் இராது. ஆனால் அது தீனி தின்னும், நடமாடும். புதிய இறகின் முளைகள் தோலிலே முட்போலத் தென்படும். அடைக்கோழியும் இறகைச் சிலிர்த்துக் கொண்டு ஒரே இடத்திற் கிடக்கும். ஆயின், கையை நீட்டினால் உறுமிக் கொத்தும். நாளுக்கு ஒருதரம் எழுந்து, விரைந்து தின்று, நீர் குடித்து மீளும். நோயுற்ற கோழியோ கையை நீட்டினாலும் கொத்தாது. தீனியைக் கண்டாலும் எழாது. இம்மூன்றையும் ஒன்றென மயங்குவதனாலேயே பல கோழிகள் மடிகின்றன.

நோய் இவ்வளவு முற்றும் வரை கோழி ஏன் காட்டிக் கொள்வதில்லை? வீட்டுக்கோழியின் மூதாதை காட்டிலே வாழ்ந்த செங்காட்டுக்கோழி. காட்டிலே தளர்ந்து நிற்பதைப் பிராந்தும் நரியும் முதலிலே கண்டு கொள்ளும். அன்றியும், கூட்டத்துக்குள்ளேயே பகையுண்டு. நோர்வே நாட்டு அறிஞர் செல்டறுப் எப்பே என்பவர் 1922ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு வளவிலுள்ள கோழிகளுக்குள்ளே யார் யாரைக் கொத்தலாம் என்னும் வரிசை உண்டென்பதை எடுத்துக் காட்டினார். சிறு பிராயந்தொட்டே கோழிகளை உற்று நோக்கி வந்தவர் அவர். அவ்வரிசையிலே தளர்ந்தது கீழே தள்ளப்படும். தீனிக் கலயத்தருகே செல்லவொட்டாது துரத்தப்படும். ஆதலால் இயலுமட்டும் நலமுள்ளது போல நடமாடுவதே கோழியின் இயல்பாயிற்று. கொத்துவது போலத் தலையை அசைக்கும், ஆனால் தின்னாது. நாம் காணும் முதல் நாள், நோயின் முதல் நாள் அன்று என்பதை மனத்திற் கொள்க.

அன்று கல்லூரிக்கு அரைநாள் விடுமுறை அறிவித்து விட்டு, புள்ளியைக் கடகத்திலே வைத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு சென்றோம். மகனும் பிடிவாதமாய் உடன் வந்தான். வைத்தியர் இளம் பெண்மணி. கோழியைத் தொடுமுன் எம்மை நோக்கிக் கேள்விகளைத் தொடுத்தார்.

"சேர், கடைசியா இது எப்ப வடிவாத் தின்டது? எச்சம் என்ன நிறம்? கடைசி முட்டை எப்ப இட்டது? அது தோல்முட்டையோ, நல்ல கோதோ? மெலியத் தொடங்கி எவ்வளவு நாள்?"

ஐந்து வினாக்கள். ஒன்றுக்கும் எம்மிடம் விடை இல்லை. எச்சம் நாலைந்து நாளாகப் பச்சையாய் இருந்தது என்றும், கடைசியாக இட்ட இரண்டும் கோதில்லாத தோல்முட்டைகள் என்றும் மகன் சொன்னான். மிகுதிக்கு அவனும் அறியான். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தும் எமக்கு, அன்று புள்ளி முன்னிலையிலே கிடைத்த புள்ளி சுழியம்.

வைத்தியர் கூறிய முடிவைப் பின்னர் சொல்வோம். கோழியை உற்று நோக்குவதனால் ஆவதென்ன என்று எண்ணுவோருக்கு முன்னதாக ஒரு வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே, பெரிபெரி என்னும் கொடிய நோய் கீழைத்தேயங்களிலே பல்லாயிரவரின் கால்களை முடக்கி உயிரைக் குடித்தது. அது கிருமியால் வருவதெனக் கருதி, யாவாத் தீவின் பத்தேவியா நகரில், இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர் ஆராய்ந்து கொண்டிருந்தார். அங்கே வளர்த்த கோழிகள் கால் சோர்ந்து தள்ளாடி விழுவதையும், சில காலத்தின் பின் அவை தாமே தேறியதையும் அவர் கண்டார். விசாரித்ததில் விடயம் வெளியாயிற்று. ஆசுபத்திரியில் எஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைச் சில மாதங்கள் கோழிகளுக்குப் போட்டிருந்தனர். புதிதாய் வந்த சமையற்காரர், இராணுவத்தின் அரிசியை வெளிக் கோழிகளுக்குக் கொடுக்க முடியாதென மறுத்து விட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. குறைபாடு அரிசியின் தவிட்டோடு போய்விட்ட ஒரு சத்தினால் வந்தது என்பதை, 1901ஆம் ஆண்டில் அவருடைய உடனாய்வாளர் கிறைன்ஸ் தெளிவாக்கினார். அச்சத்தே பின்னர் விற்றமின் பி1 எனப் பெயர் பெற்றது. 1929ஆம் ஆண்டிலே எய்க்மனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. நாம் புழுங்கல் அரிசிச் சோற்றை மதித்து உண்பதற்கு விஞ்ஞானம் தந்த நியாயங்களுள் ஒன்று, நோயுற்ற சில கோழிகளை ஒருவர் உற்றுப் பார்த்ததிலே பிறந்தது.

எனவே, முதிய பேடு வைத்திருப்போர் செய்ய வேண்டியதைச் சொல்வோம். கிழமைக்கு ஒரு முறை, மாலையிலே கூடு அடைந்த பின், அதனை மெல்லத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தல் வேண்டும். ஐந்து நிமிடம் போதும்.

முதலிலே கொண்டை. நலமுள்ள பேட்டின் கொண்டை சிவந்திருக்கும். முட்டையிடாத காலத்திலே சற்று வெளிறிச் சிறுத்தல் இயல்பு. முற்றாக வெளுத்துப் போயின் இரத்தக் குறைவு. புழுவோ, பேனோ, உண்ணியோ இரத்தத்தை உறிஞ்சுகின்றன என்று ஐயுறலாம். நீலம் பாரித்திருப்பின் மூச்சோ இரத்த ஓட்டமோ தடைப்படுகின்றது. அது தாமதிக்கத் தகாத குறி.

அடுத்து மூச்சு. கோழிக்கு வியர்வை இல்லை. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே 41 முதல் 42 பாகை செல்சியசு வரை இருக்கும். பங்குனி, சித்திரை வெயிலிலே வாயைத் திறந்து மூச்சு வாங்குவது வெப்பத்தைத் தணிக்கும் உபாயம், அஞ்ச வேண்டியதில்லை. குளிர்ந்த காலையிலே வாய் திறந்து, கழுத்தை நீட்டி, கறகற என மூச்சு விடுமாயின் அது நோய்.

பின்பு தீனிப்பை. கொத்திய தீனி முதலில் வந்து தங்கும் இப்பை, கழுத்தின் அடியிலே நெஞ்சின் வலப்பக்கமாக இருக்கும். மாலையிலே நிறைந்திருக்கும், விடியுமுன் வெறுமையாகி விடும். விடிந்து தீனி போடுமுன் தொட்டுப் பார்க்கும்போது கல்லுப்போல நிறைந்திருப்பின், நார்ப்புல்லோ வேறு பொருளோ அடைத்திருக்கின்றது. நீர்ப்பை போலத் தளதளத்து வாயிலே புளித்த நாற்றமும் வீசின், உள்ளே புளித்திருக்கின்றது. தலைகீழாய்ப் பிடித்து வாந்தி எடுப்பிக்கும் பழைய கைவைத்தியத்தைச் செய்தல் வேண்டாம். அந்நீர் மூச்சுக்குழலிற் சென்று கோழி அக்கணமே இறத்தல் கூடும்.

நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்க. இரு பக்கமும் சதை பிடித்திருத்தல் வேண்டும். கத்தி விளிம்பு போல எலும்பு துருத்துமாயின், இறகு மறைத்த மெலிவு அங்கே வெளிப்படும். புள்ளியின் நெஞ்சிலே எமது விரலுக்குத் தட்டியது அந்த விளிம்புதான்.

அடிவயிறு மென்மையாய் இருத்தல் வேண்டும். நீர் நிறைந்த பைபோலப் பருத்திருப்பினும், கட்டியாய்த் தட்டுப்படினும் முட்டை சார்ந்த உறுப்புகளிலோ ஈரலிலோ கோளாறு. இன்னும் முட்டையிடும் பேடு, வாலை மேலும் கீழும் அசைத்து, நிமிர்ந்து நின்று முக்கி முக்கி ஒன்றும் வராது வருந்துமாயின், முட்டை தடைப்பட்டிருக்கின்றது எனக் கொள்க. இளஞ்சூடான நீரிலே அடிவயிறு அமிழும்படி கால் மணி நேரம் வைத்திருந்து, கழிவாயிலே சிறிது எண்ணெய் தடவி, இருண்ட அமைதியான இடத்திலே விடலாம். கையால் அமுக்கி முட்டையை உடைத்து விடலாகாது. அன்றைக்குள்ளே வெளிவராவிடின் வைத்தியரை நாடுக.

எச்சமும் ஒரு மொழியே. கபில நிறத்திலே திரண்டு, மேலே வெள்ளை படிந்திருப்பது நலம். பத்துக்கு ஒன்று போலக் களிபோன்று நாற்றத்துடன் கழிவதும் இயல்பே. பச்சை நீராய்க் கழிவது பெரும்பாலும் பட்டினியைக் காட்டும். தொற்றுநோயின் குறியாகவும் இருத்தல் கூடும். இரத்தம் கலந்திருப்பது கடுமையான குறி.

கழிவாயைச் சுற்றிய இறகின் அடியிலே பேன் முட்டைகள் திரளும். இரத்தம் உறிஞ்சும் சிற்றுண்ணிகளோ பகலிலே கூட்டுப் பலகையின் வெடிப்புகளில் ஒளித்திருந்து இரவிலேதான் ஏறும். ஆகவே கூட்டை இரவில் விளக்கோடு பார்த்தல் வேண்டும். காலிலே செதில்கள் தூக்கிக் கரடுதட்டியிருப்பதும் ஒருவகை உண்ணியாலேயே. அதற்குத் தாவர எண்ணெயோ வசலீனோ பல நாள் தடவினால் ஆறும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். சாம்பலும் உலர்ந்த மணலும் கலந்த குழியொன்று மழை படாத இடத்தில் இருந்தால், கோழி தானே குளித்துத் தன்னைப் பேணிக் கொள்ளும்.

முதுமைக்கெனச் சில சலுகைகளும் வேண்டும். ஏறியடையும் கம்பைத் தாழ்த்தி விடுக. முட்டைக் கோழித் தீனியிலே கோதுக்காகச் சுண்ணச்சத்து மிகுதியாய்ச் சேர்த்திருப்பர். முட்டை நின்ற பேட்டின் சிறுநீரகங்களுக்கு அது சுமை. பூஞ்சணம் பிடித்த அரிசியும் பிண்ணாக்கும் கோழிக்குத் தானே என்று போடுதல் கூடாது. 1960ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் பூஞ்சண நஞ்சேறிய நிலக்கடலைப் பிண்ணாக்கினால் இலட்சம் வரையிலான வான்கோழிகள் மடிந்தன.

நோய் கண்டவுடன் செய்ய வேண்டிய முதற் காரியம், மற்றக் கோழிகளிலிருந்து பிரித்தல். தொற்றைத் தடுப்பதற்கும், கொத்துப்படாது காப்பதற்கும், எச்சத்தையும் உணவையும் தனியே கணக்கிடுவதற்கும் அது உதவும். இரண்டாவது சூடு. கடதாசிப் பெட்டியிலே வைக்கோலிட்டு, காற்றுப் படாத மூலையிலே வைத்தல் வேண்டும். முன்னைய காலத்து மின்குமிழ் சூடு தந்தது; இன்றைய எல்.ஈ.டி. விளக்கு ஒளியன்றிச் சூடு தராது. வெந்நீர்ப் போத்தலைத் துணியிலே சுற்றி அருகில் வைக்கலாம். மூன்றாவது நீர். குடிக்காத கோழியின் வாயிலே நீரை ஊற்றுதல் ஆகாது. மூச்சுக்குழலின் வாய் நாவின் அடியிலேயே திறந்திருக்கின்றது. அலகின் ஓரத்திலே துளித்துளியாய்த் தொட்டு வைத்தால் அது தானே நக்கி விழுங்கும். வீட்டிலே எஞ்சிக் கிடக்கும் மனிதர் மருந்துகளைக் கொடுத்துப் பரீட்சித்தல் வேண்டாம். வைத்தியர் மருந்து தந்தால், எத்தனை நாளுக்கு முட்டையை உண்ணலாகாது என்பதையும் கேட்டறிக. தொட்ட பின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவது பிள்ளைகளுக்குப் பழக்கமாகட்டும்.

ஒன்று சோர்ந்தால் முதுமை எனலாம். ஒருங்கே பல சோர்ந்து, கழுத்து முறுகி, செட்டை தொங்கி, பச்சையாய்க் கழிந்து மடியுமாயின் அது கொள்ளை நோய். 1926ஆம் ஆண்டளவிலே யாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அறியப்பட்டு, அந்நகரின் பெயரையே பெற்ற நோய்க்கு இன்னும் மருந்தில்லை, தடுப்பூசி உண்டு. அவ்வாறு கண்டால் ஒளியாது உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவித்தல் அயலவர்க்கு நாம் செய்யும் கடமை.

இனிப் புள்ளியிடம் மீள்வோம்.

வைத்தியர் அதன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஊசியால் ஒரு தேநீர்க் கோப்பையளவு மஞ்சள் நீரை வெளியே எடுத்தார். முட்டை தொடர்பான உறுப்பிலே கட்டி இருக்க வேண்டும் என்றார். பேட்டுக்கு இடப்புறத்துச் சூலகம் ஒன்றே தொழிற்படும் என்பதை நாம் வகுப்பிலே கற்பிப்பதுண்டு. அந்த ஒன்று ஓயாது உழைப்பதனாலே முதிய பேடுகளுக்குச் சூலகப் புற்று வருதல் அரிதன்று. பெண்களுக்கு வரும் அந்நோயை ஆராய்வதற்கே விஞ்ஞானிகள் முதிய கோழிகளைத் துணைகொள்கின்றனர். காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டையே இடும். மனிதனோ தேர்ந்தெடுத்து வளர்த்து, முந்நூறு வரை இடும் இனங்களை உண்டாக்கினான். நாட்டுக்கோழி இடைநடுவே நிற்கின்றது. அந்த உழைப்பின் கூலியே இந்நோய் போலும்.

"மாற்ற ஏலாது சேர். சுகமா வைச்சிருக்கலாம். ஒண்டும் தின்னாமல் நோகிற நாள் வந்தால் கொண்டு வாங்கோ, நோகாமல் முடிச்சு விடலாம்" என்றார் அவர்.

வீடு திரும்பும் வழியிலே அயலவர் ஒருவர் கடகத்தை எட்டிப் பார்த்தார். "மாஸ்ரர், இனி இதை வைச்சிருந்து என்ன செய்யப் போறியள்? சாக முதல் ஆருக்கும் குடுத்தியளெண்டால் ஒரு கறிக்காவது உதவுமே" என்றார். நல்லெண்ணத்தோடேதான் சொன்னார். ஊரிலே பலர் செய்வதும் இதுவே. ஆயினும், நோயுற்ற கோழியைக் கறிக்குக் கொடுப்பதும் விற்பதும் உண்பவர்க்கு நாம் தெரிந்து செய்யும் தீங்கு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி. முட்டையிட்டவளை நினைக்கலாகாதோ என்று கேட்டோம். அவர் சிரித்து விட்டு அப்பாற் சென்றார்.

புள்ளி மேலும் ஐந்து கிழமைகள் இருந்தது. குசினி மூலையிலே, முன்னொரு காலத்தில் அதன் முட்டைக்காகத் தனிச்சட்டி கவிழ்த்து வைத்த இடத்தருகே, அதற்குப் பெட்டி வைத்தோம். மகன் குரக்கன் மாவைக் குழைத்து விரல் நுனியில் வைத்து ஊட்டுவான். எச்சத்தின் நிறம், தின்ற அளவு, நடந்த நேரம் அனைத்தையும் அப்பியாசக் கொப்பியொன்றிலே நாள்தோறும் குறித்தான். வயிற்று நீர் மீண்டும் சேர்கின்றது என்பதை முதலில் அறிந்தவனும் அவனே. வெயில் வந்த நாட்களிலே புள்ளி சுளகடிக்கும் வந்தது. தாயார் தலை நிமிராமலே, "வந்திட்டியோ" என்பார்.

ஒரு சனிக்கிழமை அது அலகைத் திறக்கவில்லை. திங்களன்று அலுவலகம் திறந்ததும் கொண்டு செல்வோம் என்றிருந்தோம். ஞாயிறு இரவே அது இறந்தது. அந்த வெள்ளிக்கிழமையே தின்பது அரைவாசியாய்க் குறைந்திருந்தது என்று மகனுடைய கொப்பியிலே எழுதியிருந்தது. அன்றே கொண்டு சென்றிருந்தால் இரண்டு நாள் நோவு மிஞ்சியிருக்கும். எழுதி வைத்ததையும் நாம் பார்க்கவில்லை. நாய் கிளறாத வண்ணம் தேசிமரத்தடியிலே ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம்.

மறுநாள் தாயார் வழமைபோலச் சுளகோடு அமர்ந்திருந்தார். அரிசியிலே கிடந்த கல்லொன்று அவர் விரலுக்குத் தப்பியது, கண்ணுக்கும் தப்பியது. அப்பொழுதுதான், அந்தக் கண்களைக் கடைசியாக வைத்தியரிடம் காட்டியது எப்போது என்று எம்மை நாமே கேட்டுக் கொண்டோம். விடை தெரியவில்லை. "எனக்கொண்டுமில்லை" என்று இரண்டாண்டுகளாக அவர் சொல்லி வந்ததை, எமக்கு வசதியாயிருந்தபடியால் நம்பியிருந்தோம்.

அந்தக் கிழமையே கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். படலம் முற்றியிருக்கின்றது, சிறு சத்திரசிகிச்சையால் நீக்கி விடலாம் என்று கூறித் திகதியும் தந்தனர்.

திரும்பி வரும்போது தாயார் கேட்டார்: "ஏன் தம்பி, கோழிக்குப் பார்த்த கையோடை எனக்கும் பார்க்கிறியோ?"

பின்னால் அமர்ந்திருந்த பேரன் கொப்பியிலே ஏதோ குறித்துக் கொண்டிருந்தான். இம்முறை அதனை வாங்கிப் பார்த்தோம். ஆச்சியின் கண் மருந்து, காலை ஒரு துளி, மாலை ஒரு துளி என்றிருந்தது.